பூங்கா உடற்பயிற்சி வகுப்பு பலன் தந்ததா என்று எப்படிக் கணக்கிடுவது? (பெங்களூரு, அல்சூர் பக்கம்)

அல்சூர்_கணக்கன்

எல்லோருக்கும் வணக்கம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான் பொருளாளர். போன வருஷம் ஒரு கம்பெனி கொடுத்த சி.எஸ்.ஆர். (சமூகப் பணிக்கென ஒதுக்கும்) பணத்தில் இரண்டு பூங்காக்களில் இலவச உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பித்தோம். காலை 6 மணிக்கு ட்ரெயினர் வந்துவிடுவார். அரை மணி நேரம் வேக நடை, அப்புறம் கை கால் பயிற்சி, கடைசியில் மூச்சுப் பயிற்சி. தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு பேசும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

இப்போது கம்பெனிக்காரர்கள், "என்ன பலன் கிடைத்தது? ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் அடுத்த வருஷப் பணம்" என்கிறார்கள். கையில் இருப்பது வருகைப் பதிவேடு, சேரும்போதும் மூன்று மாதம் கழித்தும் பார்த்த எடை, பி.பி., அப்புறம் ஏகப்பட்ட போட்டோ. பெயர் கொடுத்தவர்கள் நூற்றுக்கு மேல். ஒழுங்காக வருகிறவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. அவர்களுக்கு எடையும் பி.பி.யும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இதை வைத்து "திட்டம் வெற்றி" என்று எழுதிவிடலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைப்பிரியன்

தாராளமாக எழுதுங்கள் சார். அவர்களுக்கு வேண்டியது ஆண்டறிக்கையில் போட நாலு போட்டோவும் ஒரு பெரிய எண்ணும்தான். வள்ளுவர் சிலை முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள், பணம் வந்துவிடும்.

களப்பணி_செல்வி

நடைப்பிரியன் சொல்வதுபோல பணம் வரலாம். ஆனால் கணக்கன் சார் கேட்டது வேறு கேள்வி. இந்த மாதிரித் திட்டங்களை மதிப்பிடுவதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகம்: காலை 6 மணிக்கு வருகிறவர்கள் யார்? உங்கள் வகுப்பு வருவதற்கு முன்னால் அவர்கள் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர்களா? அப்படியென்றால் ஏரிக்கரையில் நடந்தவர் இப்போது பூங்காவில் நடக்கிறார். பதிவேட்டில் ஒரு பெயர் கூடியிருக்கிறது, அவர் உடம்பு அசைவது அப்படியேதான் இருக்கிறது. பெங்களூரில் நான் பார்த்த பல வகுப்புகளின் கதை இதுதான். ஏற்கனவே நடக்கும் பழக்கம் உள்ளவர்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பாவது செய்ய வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2022 நிலவரப்படி பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த அளவைத் தொடவில்லை. ஆண்களில் சுமார் 42 சதவீதம், பெண்களில் சுமார் 57 சதவீதம். உங்கள் வகுப்பு அந்தப் பாதியில் இருந்து எத்தனை பேரை வெளியே கொண்டுவந்தது? நான் ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

எங்கள் துறையில் ரீ-எய்ம் என்று ஒரு சட்டகம் உண்டு. ரஸ்ஸல் கிளாஸ்கோவும் கூட இருந்தவர்களும் 1999ல் எழுதியது. ஐந்து விஷயம் பார்க்கச் சொல்கிறது: யாரைப் போய்ச் சேர்ந்தது, என்ன மாறியது, எத்தனை இடங்கள் அதை எடுத்துக்கொண்டன, திட்டமிட்டபடி நடந்ததா, பணமும் ட்ரெயினரும் போன பிறகும் நிற்கிறதா. உங்களுக்கு இருப்பது இரண்டே பூங்கா, ஆகவே மூன்றாவதை விடுங்கள். நாலாவதை ட்ரெயினரின் டைரியைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். முதலும் கடைசியும்தான் உங்களுக்கு முக்கியம். எல்லோரும் இரண்டாவதிலேயே நேரத்தைப் போடுகிறார்கள்.

அல்சூர்_கணக்கன்

நன்றி மேடம். ஆனால் பி.பி. விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் கேம்ப்பில் பி.பி. அதிகம் என்று தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தோம். அவர்களுக்குத்தான் நன்றாக இறங்கியிருக்கிறது.

எக்செல்_மாமா

கணக்கன் சார், நான் அங்கேதான் தயங்குகிறேன். பி.பி. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். கேம்ப் அன்றைக்கு அதிகமாகக் காட்டியவர்களை மட்டும் தனியாகப் பிரித்தால், அதில் நிஜமாகவே அதிகம் உள்ளவர்களும் இருப்பார்கள், அன்றைக்கு மட்டும் ஏறியிருந்தவர்களும் இருப்பார்கள். இரண்டாவது வகையினர் வீட்டில் படுத்துத் தூங்கினாலும் அடுத்த முறை குறைவாகவே காட்டும். எல்லாரையும் சேர்த்துச் சராசரி போட்டால் "இறங்கியிருக்கிறது" என்றுதான் வரும். வகுப்பு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. இந்தக் கணக்கு அதைக் காட்டாது, அவ்வளவுதான்.

அளந்த விதத்தையும் பாருங்கள். முதல் கேம்ப்பில் வரிசையில் நின்று, பதற்றத்தோடு, வந்ததும் பட்டையைக் கட்டியிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து அதே ட்ரெயினர், பழகிய இடம், உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்த்திருப்பார்கள். இதிலேயே சில புள்ளிகள் போய்விடும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, இரண்டு முறை பார்த்து எழுதினார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் எடை. வகுப்பை விட்டுப் போனவர்களின் எடை உங்களிடம் இல்லை. தொடர்ந்து வந்தவர்களை மட்டும் எடை பார்த்துச் சராசரி சொல்வது, பந்தியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவரிடம் மட்டும் சாப்பாடு எப்படி என்று கேட்பது மாதிரி. எழுந்து போனவர்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

பருவத்தையும் மறக்காதீர்கள். எந்த மாதம் ஆரம்பித்தீர்கள்? செப்டம்பர், அக்டோபர் மழையில் முதல் கணக்கை எடுத்து, ஜனவரி வெயிலில் இரண்டாவதை எடுத்திருந்தால், இந்த ஊரில் யாராக இருந்தாலும் கூடுதலாகத்தான் நடந்திருப்பார்கள். மார்கழியில் விடிகாலையில் கோயிலுக்கு நடக்கிறவர்களை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்_கணக்கன்

அக்டோபரில்தான் ஆரம்பித்தோம் 🙂 இரண்டாவது முறை பார்த்தது பொங்கல் முடிந்து.

எக்செல்_மாமா

😀

ஜெயநகர்_சரோஜா

பொருளாளர் தம்பிக்கு, நான் வேறொரு பூங்காவில் இதே மாதிரி வகுப்புக்குப் போகிறவள். வயது எழுபது தாண்டிவிட்டது. என் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆனால் முன்பெல்லாம் சோபாவில் இருந்து எழ மருமகள் கை கொடுக்க வேண்டும். இப்போது நானே எழுந்துவிடுகிறேன். பஸ்ஸில் படி ஏறும்போது கம்பியை இழுத்துப் பிடித்துத் தொங்குவதில்லை. எங்கள் வகுப்பு ரிப்போர்ட்டில் என் பெயருக்கு நேரே "மாற்றம் இல்லை" என்று போட்டிருக்கிறார்கள். எடை மட்டும்தான் பார்த்தார்களாம்! யாராவது என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

களப்பணி_செல்வி

சரோஜா அம்மா, நீங்கள் கேட்ட அந்தச் சோதனையே இருக்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலி, கிட்டத்தட்ட 43 சென்டிமீட்டர் உயரம். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுவார்கள். இன்னொன்றும் உண்டு. நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கீழே விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். செலவு ஒரு நாற்காலி, ஒரு ஃபோன், பக்கத்தில் பிடிக்க ஒரு ஆள். 65 வயதுக்கு மேல் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்று 2020 வழிகாட்டுதலே சொல்கிறது. வயதானவர்கள் அதிகம் வரும் வகுப்பில் எடை மெஷினை விட இந்த நாற்காலிதான் நிறையச் சொல்லும்.

கணக்கன் சார், கெட்டதையும் எழுதிவையுங்கள். யாருக்காவது முழங்கால் வலி கூடியதா, யாராவது விழுந்தார்களா என்பது பல ரிப்போர்ட்டுகளில் இருப்பதே இல்லை.

முருகேஷ்பாளையா_மீனா

எல்லோரும் வந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வராதவர்களைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

காலை 6 மணிக்கு எங்கள் தெருவில் எந்தப் பெண்ணால் பூங்காவுக்கு வர முடியும்? தண்ணீர் பிடிக்க வேண்டும், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், பிள்ளையைக் கிளப்ப வேண்டும். கார்மெண்ட்ஸுக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் கம்பெனி வண்டிக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓய்வு கிடைப்பது காலை 10 மணிக்கு மேல். அப்போது பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் என்று 2024ல் அறிவிப்பு வந்ததாக ஞாபகம். எங்கள் தெருப் பூங்காவின் பூட்டு அதைக் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் இருட்டிய பிறகு நாய்த் தொல்லை, விளக்கு எரியாது.

ஆகவே உங்கள் பதிவேட்டில் பெண்கள் எத்தனை, அதில் ஐம்பது வயதுக்குக் கீழே எத்தனை, வாடகை வீட்டுக்காரர்கள் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். அந்தத் தெருக்களில் அவர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்களோ, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ரிட்டயர் ஆன ஆண்களின் வகுப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. எடைப் பட்டியலைத் தயவுசெய்து வாட்ஸாப் குரூப்பில் போடாதீர்கள். எங்கள் பக்கத்தில் "ஊக்கப்படுத்த" என்று போட்டார்கள். மறுநாளே பெண்கள் ஒவ்வொருவராக குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள்.

நடைப்பிரியன்

மீனா மேடம், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நாலு வீட்டு மாடி ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?

முருகேஷ்பாளையா_மீனா

அதை அவர்களிடம் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவுக்கு இடுப்பு வலி. குனிந்து தரை துடைப்பதும் கையை நீட்டி முதுகை நிமிர்த்துவதும் ஒன்றா?

களப்பணி_செல்வி

இது அளப்பதிலேயே இருக்கும் பழைய சிக்கல். ஜி-பேக் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் உண்டு, மொத்தம் 16 கேள்வி. வேலையில் எவ்வளவு அசைகிறீர்கள், போக வர எவ்வளவு நடக்கிறீர்கள், பொழுதுபோக்காக எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கும். மிதமான உழைப்பின் ஒரு நிமிடத்தை 4 என்று எண்ணி, வாரத்துக்கு மொத்தம் 600 வந்தால் போதுமான அளவு என்பார்கள். 150 நிமிடம் பெருக்கல் 4, அவ்வளவுதான். மீனா சொல்லும் அக்கா வேலையிலேயே அந்த 600ஐத் தாண்டிவிடுவார். மொத்தத்தை மட்டும் பார்த்தால் உங்கள் வகுப்பால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வரும். ஓய்வு நேரத்தை மட்டும் பார்த்தால், சென்னை ஆட்டோமொபைல் பட்டறையில் நாளெல்லாம் நிற்கிறவரையும் சோம்பேறிக் கணக்கில் போட்டுவிடுவோம். 2014ல் வந்த ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வில், பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்கிறவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. எதை அளக்கப்போகிறோம் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு நல்லதாகத் தெரிவதைப் பொறுக்கி எடுக்கக் கூடாது.

16 கேள்வி வேண்டாம் என்றால் ஒரே கேள்வி போதும்: "கடந்த 7 நாளில், மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு மொத்தம் 30 நிமிடத்துக்குக் குறையாமல் அசைந்தது எத்தனை நாள்? வீட்டு வேலையும் சம்பள வேலையும் சேர்க்க வேண்டாம்." சேரும் நாளில் கேளுங்கள், மூன்று மாதத்தில் கேளுங்கள், விட்டுப் போனவர்களுக்கு ஃபோன் போட்டும் கேளுங்கள்.

கேள்விக்குறி

இவ்வளவு மெனக்கெடுவதற்கு அந்தப் பணத்தில் ஒரு நடைபாதையைச் சரி செய்யலாம். ட்ரெயினர் போனால் வகுப்பு போய்விடும், நடைபாதை இருக்கும். இந்த ஊர் பார்க்காத விழாவா? 2013ல் சைக்கிள் டே ஆரம்பித்தார்கள். 2020 நவம்பரில் இருந்து சில மாதம் சர்ச் ஸ்ட்ரீட்டில் வார இறுதியில் வண்டிகளை நிறுத்தினார்கள். அன்றைக்கு எல்லோரும் போய்ப் படம் எடுத்துப் போட்டோம். திங்கட்கிழமை மறுபடி அதே பைக், அதே சில்க் போர்டு நெரிசல்.

களப்பணி_செல்வி

நடைபாதை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சாலையைத் திறந்துவிடும் நாட்களை எல்லாம் ஒரேயடியாக விழா என்று தள்ளவும் முடியாது. கொலம்பியாவில் பொகோட்டா நகரம் 1974ல் தொடங்கிய ஏற்பாட்டின்படி ஞாயிறுதோறும் பெரிய சாலைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடுகிறது. 2012ல் வந்த ஒரு கணக்கில் அங்கே ஒருவருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு சுமார் 6 டாலர், சான் பிரான்சிஸ்கோவில் அதே மாதிரி ஏற்பாட்டுக்கு சுமார் 70 டாலர். ஒவ்வொரு வாரமும் நடந்தால், நிறையப் பேர் வந்தால், தலைக்கு ஆகும் செலவு விழுந்துவிடும். எப்போதோ ஒரு தடவை நடத்தினால் மேடைச் செலவுதான் மிஞ்சும். கணக்கன் சார், உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்த எண்ணைப் போடுங்கள். மொத்தச் செலவை வந்த தலைகளால் வகுக்காதீர்கள். புதிதாக அசைய ஆரம்பித்துத் தொடர்கிறவர்களால் வகுங்கள். கசப்பான எண்ணாகத்தான் இருக்கும், ஆனால் நேர்மையானது.

திருமங்கலத்து_ஆள்

சென்னையில் எங்கள் ஊர்க்கதை ஒன்று இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். திருமங்கலம் ஆசியாட் காலனியில் சர்க்கரை நோய் ஆய்வாளர்கள் கணக்கெடுக்க வந்தார்கள். கூடவே உடற்பயிற்சி பற்றிப் பேசிவிட்டும் போனார்கள். அதைக் கேட்ட காலனிக்காரர்கள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். ட்ரெயினர் இல்லை, ஸ்பான்சர் இல்லை. 2006ல் வந்த கட்டுரையில், வாரத்துக்கு 3 முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்தில் இருந்து 58.7க்கு வந்ததாக எழுதினார்கள். கேள்விக்குறி அண்ணா, இது வகுப்பும் இல்லை, விழாவும் இல்லை பாருங்கள்.

எக்செல்_மாமா

அந்தக் கட்டுரை எனக்கும் பிடிக்கும். ஆனால் முழுக்கதையையும் சொல்லுங்கள். அதே ஆய்வில் தி.நகர் பக்கம் வருமானம் குறைந்த ஒரு குடியிருப்பும் இருந்தது. பத்து வருஷத்தில் திருமங்கலத்தில் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்தில் இருந்து 15.4 ஆனது. தி.நகர் குடியிருப்பில் 6.5இல் இருந்து 15.3. பூங்கா உள்ள இடத்தில் கொஞ்சம்தான் ஏறியது, இல்லாத இடத்தில் இரட்டிப்பைத் தாண்டியது. பூங்காவால்தான் என்று சொல்லத் தோன்றுகிறதா? இரண்டு இடத்துக்கும் வருமானம் வேறு, படிப்பு வேறு, ஆரம்ப அளவே வேறு. ஏழைக் குடும்பங்களின் சாப்பாடும் வேலையும் அந்தப் பத்து வருஷத்தில் ரொம்பவே மாறின. பூங்காவுக்கு அதில் பங்கு இருக்கலாம், எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

திருமங்கலத்து_ஆள்

நடக்கிறவர்கள் நாலு மடங்கு ஆனதையாவது விட்டுவையுங்கள் மாமா.

எக்செல்_மாமா

விட்டுவைத்தேன் 🙂

அல்சூர்_கணக்கன்

கம்பெனிக்காரர்கள் சர்க்கரையைப் பற்றியும் கேட்டார்கள். அடுத்த வருஷம் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) டெஸ்ட் எடுத்து, குறைந்ததைக் காட்டச் சொல்கிறார்கள்.

களப்பணி_செல்வி

வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சென்னையில் டி-கிளிப் என்ற சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் 578 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வகுப்பு நடத்தினார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பாதியில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 32 சதவீதம் குறைவு. நல்ல முடிவுதான். ஆனால் அதில் உடற்பயிற்சியோடு சாப்பாட்டுப் பாடமும் உண்டு, தேவைப்பட்டவர்களுக்கு மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் உண்டு. காலை நடையை மட்டும் வைத்துக்கொண்டு சில மாதத்தில் அதே பலனைக் காட்டுகிறேன் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். ரத்தம் எடுப்பது என்றால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும், முடிவை யார் வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க வேண்டும். சங்கத்துக்கு எதற்கு அந்தத் தலைவலி?

ஒப்பிடுவதற்கு உங்களிடம் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடுத்த வருஷம் மூன்றாவது பூங்காவில் ஆரம்பிக்கப்போவதாக இருந்தால் உடனே ஆரம்பிக்காதீர்கள். மூன்று மாதம் அங்கே வகுப்பு இல்லாமலேயே எண்ணுங்கள். எண்ணுவதற்கு சோபார்க் என்று ஒரு முறை 2006ல் இருந்து இருக்கிறது. பூங்காவைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, நாளைக்கு நாலு வேளை ஒரு சுற்றுப் பார்வை. ஆணா பெண்ணா, குழந்தையா பெரியவரா வயதானவரா, உட்கார்ந்திருக்கிறாரா நடக்கிறாரா வேர்த்து விறுவிறுக்கிறாரா. பெயர் கேட்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும்.

முருகேஷ்பாளையா_மீனா

நாலு வேளையில் மத்தியானமும் உண்டுதானே? அந்த வேளையில் "பூட்டியிருந்தது" என்றே எழுதுங்கள். அதுவும் கணக்குதான்.

அல்சூர்_கணக்கன்

சங்கக் கூட்டம் முடிந்தது. இப்போதைக்கு இப்படி முடிவாகியிருக்கிறது. ரிப்போர்ட்டில் எடையையும் பி.பி.யையும் பின்னிணைப்பில் மட்டும் போடுகிறோம், எக்செல் மாமா சொன்ன எச்சரிக்கையோடு. பதிவேட்டை மீனா சொன்ன மாதிரி பிரித்துப் பார்த்தோம். அவர் ஊகித்தது சரிதான், முக்கால்வாசி ஆண்கள், பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள். அதையும் முதல் பக்கத்திலேயே போடுகிறோம். தலைவருக்கு இதில் இஷ்டமில்லை, "நம்மை நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்" என்றார். கம்பெனியில் இருந்த பெண் அதிகாரிக்கு மட்டும் அந்தப் பக்கம் பிடித்திருந்தது. ஒரு பூங்காவில் வகுப்பை 11 மணிக்கு மாற்றிப் பார்க்கப் பணம் தருகிறேன் என்கிறார். பூங்காவைத் திறந்துவைக்க எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. ட்ரெயினர் போன பிறகு ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய கணக்குக்கு மட்டும் பணம் கிடையாதாம். அவர்கள் பட்ஜெட் மார்ச்சோடு முடிகிறது.

களப்பணி_செல்வி

எல்லா இடத்திலும் அப்படித்தான். அதற்குப் பணம் வேண்டியதில்லை. இப்போதே எல்லோரிடமும் ஃபோன் நம்பரும், ஆறு மாதம் கழித்துக் கூப்பிடச் சம்மதமும் வாங்கிவையுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளுக்கு இரண்டு நிமிடம். வகுப்பில் இருந்து நின்றுபோனவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

ஜெயநகர்_சரோஜா

தம்பி, ஃபோன் போடும் வேலையை எனக்குக் கொடுங்கள். பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன். கன்னடமும் பேசுவேன், உருது அரைகுறை. நாற்காலி அளவை மட்டும் யாராவது இன்னொரு முறை எழுதுங்கள், எங்கள் ட்ரெயினரிடம் காட்ட வேண்டும்.

எக்செல்_மாமா

43 சென்டிமீட்டர், கைப்பிடி இல்லாதது, சுவரை ஒட்டி வையுங்கள் அம்மா. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். பதிவு செய்ய ஒரு தாள் தயார் செய்து நாளைக்குள் இங்கேயே போடுகிறேன்.